காலி வண்டிக்கு டிக்கெட்

அத்தியாயம் 11

ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் துலக்கினான். பாலை அடுப்பில் வைத்தான். பொங்கும் முன் இறக்கினான். காபி இரண்டு கலந்தான். ஒன்றை மாடிக்குக் கொண்டுபோய், மூடிய கதவின் முன் இருந்த ஸ்டூலில் வைத்து இரண்டு முறை தட்டினான். உள்ளே இருமல் கேட்டதும் இறங்கி வந்தான். குளித்தான். அலமாரியைத் திறந்தான். வெளிர்நீலச் சட்டையை ஒதுக்கிவிட்டு, பின்னால் இருந்த வெள்ளைச் சட்டையை எடுத்தான்.

ஒன்பது மாதமாக இப்படித்தான். கடிகாரத்துக்கே அலுத்திருக்கும். அவனுக்கு அலுக்கவில்லை. அலுத்துக்கொள்வதற்கும் மனசு கொஞ்சமாவது விழித்திருக்க வேண்டும்.

வெளிர்நீலச் சட்டையில், மூன்றாவது பொத்தானுக்குக் கீழே, ஒரு பழுப்புத் திட்டு. அந்த இடத்தில் மட்டும் துணி நைந்து பஞ்சுபோல் ஆகியிருந்தது. மாமனார் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டார்.

"ஊருக்கெல்லாம் கறை எடுக்கச் சொல்லிக் கொடுத்தவ வீட்டுல இப்படி ஒரு சட்டையா மாப்ள? தூக்கிப் போடுங்க."

அவன் தூக்கிப் போடவில்லை. போட்டுக்கொள்ளவும் இல்லை.

அவன் மனைவி ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தாள் என்பது உண்மைதான். ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. மிச்ச நேரமெல்லாம் அவளுடைய வெப்சைட். எந்தத் துணியில் எந்தக் கறை பட்டால் என்ன செய்வது என்று நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். மை, துரு, கிரீஸ், ரத்தம், பெயின்ட். பழைய போர்வைகளைக் கைக்குட்டை அளவுக்கு வெட்டி, கறையைத் தானே உண்டாக்கி, தானே எடுத்துப் பார்த்த பிறகுதான் எழுதுவாள். எடுக்க முடியாத கறைக்கு ஒரே வரி: 'இது போகாது, விட்டுவிடுங்கள்.'

பக்கங்களின் ஓரத்தில் விளம்பரங்கள் வரும். படிக்க வருகிறவர்கள் அதில் ஒன்றை அமுக்கினால், விளம்பரம் கொடுத்தவர் ஒரு சின்னத் தொகை தர வேண்டும். அதில் ஒரு பங்கு அவளுக்கு. சொட்டுச் சொட்டாகத்தான் விழும். ஆனாலும் மாடி அறையின் வாடகைக்குப் பழுதில்லாமல் மாதாமாதம் குடம் நிறைந்தது.

அந்த மாடி அறையில்தான் மாமனார் இருந்தார். முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டர். அவர் மனைவி இறந்த பிறகு மகள்தான் அவரைக் கூட்டிவந்து அங்கே வைத்தாள். "நான் மக சம்பாத்தியத்துல இருக்கேன். மாப்பிள்ளை வீட்டுல உக்காந்து சாப்பிடறவன் இல்ல" என்று கேட்டவர்களிடம் சொல்வார். கேட்காதவர்களிடம் இரண்டு தடவை சொல்வார்.

ஹாலின் மூலையில் போன வாரம் வந்த பார்சல் பிரித்தபடி கிடந்தது. உள்ளே வாஷிங் மெஷினுக்கு மாட்டும் உறை. இந்த வீட்டில் வாஷிங் மெஷின் கிடையாது. மேலே ஒட்டியிருந்த சீட்டில் அவள் பெயர். செத்துப்போய் எட்டரை மாதம் கழித்து யார் பெயரில் யார் எதை வாங்குகிறார்கள்? மாமனாரைக் கேட்டதற்கு, "ஏதோ தப்பா வந்திருக்கும்" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதோடு சரி.

ஏழு பத்துக்குப் போன் ஒலித்தது. அவளுடைய மின்னஞ்சல். அவளுக்கு வருவதையெல்லாம் அவன் தன் போனிலேயே பார்த்துக்கொண்டிருந்தான். படிப்பான், பதில் போட மாட்டான்.

விளம்பர நிறுவனத்திலிருந்து வந்திருந்தது. 'உங்கள் தளத்தில் உள்ள விளம்பரங்கள் இயல்புக்கு மாறாக அமுக்கப்படுகின்றன. பெரும்பாலானவை ஒரே இணைய இணைப்பிலிருந்து வருகின்றன. விளம்பரங்கள் இன்றுமுதல் நிறுத்தப்படுகின்றன. ஏழு நாட்களுக்குள் விளக்கம் வராவிட்டால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும்.'

இரண்டு தடவை படித்தான். யாராவது வேண்டுமென்றே அமுக்கி வருமானத்தைப் பெருக்கினால் அது ஏமாற்று. அவ்வளவு அவனுக்குத் தெரியும். சொந்தக் கடையில் தானே வாங்கித் தானே கல்லாவை நிரப்பிக்கொள்வதுபோல. யார் செய்திருப்பார்கள் என்பதுதான் தெரியவில்லை.

வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கியதும் மறுபடி போன். மைத்துனி. அவளுடைய தங்கை. வீட்டில் அவளுக்குத் தந்தி என்று பெயர். செய்தி எதுவானாலும் சுருக்கமாக, அவசரமாக வரும்.

"அத்தான், சாப்பிட்டீங்களா? சரி, பொய் சொல்ல வேண்டாம். விஷயத்துக்கு வரேன். ஞாயித்துக்கிழமை கார் எடுத்துக்கிட்டு வரோம். அப்பா சாமானைக் கட்டி வையுங்க."

"அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"நேத்தே சொன்னேன். 'உங்க அக்கா போறப்ப என்னைப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போயிருக்கா, அந்தப் பேச்சை மீறி எப்படி வர்றது'ங்கறார். அதையே எத்தனை நாளைக்கு அத்தான் சொல்லிக்கிட்டிருப்பார்? உங்களுக்கு முப்பத்திரண்டு வயசு. மாமனாரை இடுப்புல கட்டிக்கிட்டு எந்தக் கரைக்கு நீந்தப் போறீங்க?"

"ம்."

"இந்த 'ம்'முக்கு நான் என்ன அர்த்தம் எடுத்துக்கறது?"

"பஸ் வருது. வைக்கிறேன்."

பஸ் வரவில்லை. வெகுநேரம் வரவில்லை.

நிறுத்தத்தில் நின்றபடி யோசித்தான். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஆய்வகத்தில் மயங்கி விழுந்தாள் என்று போன் வந்து அவன் ஓடிப்போனபோதே எல்லாம் முடிந்திருந்தது. பின்னாலேயே வந்த மாமனார், ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "எதாச்சும் சொன்னாளா மாப்ள?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "உங்களைப் பாத்துக்கச் சொன்னா மாமா" என்றான்.

அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் பெரியவர் மாடியில் நின்றார். மகள் போன பிறகு மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே என்ன இருக்கிறது? ஒரு காபி டம்ளர். இரண்டு தட்டு. ஓர் இருமல். அந்த இருமல் கேட்காத காலையை அவன் ஒருநாள் நினைத்துப் பார்த்தான். அதற்கு மேல் நினைக்கவில்லை.

அவனுக்கு வேலை மூக்குக் கண்ணாடிக் கடையில். முன்புறம் முதலாளி கண் பரிசோதிப்பார். பின்னறையில் இவன் லென்ஸ் தேய்ப்பான். சக்கரத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட, கண்ணாடியை ஃப்ரேமின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அரை மில்லி கூடத் தேய்ந்தால் போச்சு.

சக்கரம் சுற்றும்போதே போனில் அவள் கணக்கின் அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டான். எந்த நாள், எந்த மணி, எத்தனை பேர் அமுக்கினார்கள் என்று கட்டம் கட்டமாக இருந்தது.

கடந்த இரண்டு மாதம். பத்து நாற்பதுக்கு ஆரம்பிக்கிறது. பதினொன்றேகாலுக்கு முடிகிறது. தினமும். மழை பெய்த நாளிலும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றுகூட இல்லை.

ஞாயிறு லீவு. மாடியில் மாமனாரின் கேரம் ஆட்டத்துக்கும் அன்றுதான் லீவு.

சக்கரத்தை நிறுத்தினான்.

போன மாதம் மாமனார் வந்து, "சின்ன எழுத்து பிடிபட மாட்டேங்குது மாப்ள" என்று சொல்லிப் புதுக் கண்ணாடி செய்துகொண்டார். கீழ்ப்பாதி படிப்பதற்கென்று வைத்த லென்ஸை இவன்தான் தேய்த்துக் கொடுத்தான். என்ன சின்ன எழுத்து என்று கேட்கவில்லை. இப்போது அவள் தளத்தைத் திறந்து பார்த்தான். விளம்பரங்கள் இருந்த இடங்கள் காலியாக இருந்தன. ஒவ்வொரு காலிக் கட்டத்தின் மேலும் எறும்பு அளவு எழுத்தில் 'விளம்பரம்' என்று மட்டும் நின்றது.

முதலாளியிடம் போனான். "ஒரு மணி நேரம் வேணும் சார்."

முதலாளி அவனை நிமிர்ந்து பார்த்தார். "ஒம்போது மாசத்துல நீ கேட்டு வாங்கற முதல் ஒரு மணி நேரம். ரெண்டா எடுத்துக்க."

வீட்டு மாடிப்படியில் மூன்று ஜோடிச் செருப்புகள் கிடந்தன. கதவு சாத்தியிருந்தது. உள்ளே பரீட்சை நடக்கிற அமைதி. அதன் நடுவே மாமனாரின் குரல்.

"துரு முடிஞ்சுது. எல்லாரும் இறங்கியாச்சா?"

"ஆச்சு."

"எனக்கு இன்னும் அந்த மூட்டுவலித் தைல விளம்பரமே வரலப்பா. தேடித் தேடிப் பாக்கறேன். கட்டம் காலியாத்தான் இருக்கு."

"டிரைவர்னு பேரு, ஒரு வண்டியை எடுக்கத் தெரியல. பின்னாடி போய்யா. அடுத்த ஸ்டேஜ் கிரீஸ்."

அவன் கதவைத் தள்ளினான்.

கட்டிலில் மாமனார், மடியில் அவளுடைய பழைய டேப்லெட். நாற்காலிகளில் அவர் காலத்து பஸ் டிரைவரும் டிக்கெட் செக்கரும். மூவரும் ஓய்வுபெற்றவர்கள். தினமும் கேரம் ஆட வருகிறார்கள் என்றுதான் அவன் நினைத்திருந்தான். கேரம் பலகை சுவரோரம் தூசியோடு சாய்ந்திருந்தது.

"வாங்க மாப்ள! கடை லீவா?"

"என்ன பண்றீங்க மாமா?"

"ட்ரிப் அடிக்கிறோம்." ஒளிக்கிற முகமில்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "உங்களுக்குச் சொல்லணும்னுதான் இருந்தேன். அவ போனதுலேருந்து வண்டி காலியா ஓடுது. புதுசா எழுத ஆளில்ல, ஏற ஆளில்ல. காலி வண்டியை எத்தனை நாள் விட்டு வைப்பாங்க? ரூட்டையே தூக்கிருவாங்க. நான் பாக்காததா? அதான் நாலு பேரை ஏத்தி, வண்டி ஓடுதுன்னு காட்டறோம்."

"இன்னிக்கு என்னமோ சீட்டே காலியா இருக்கு," என்றார் டிரைவர்.

தலையணைக்கு அடியிலிருந்து மாமனார் ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். கண்டக்டர் எழுத்து, கோடு போட்டுக் கட்டம் கட்டி. தேதி. எந்தப் பக்கம். எந்த விளம்பரம். யார் அமுக்கினது.

"ஒரு நாள்ல ஒரே விளம்பரத்தை ஒரே ஆள் ரெண்டு தடவை அமுக்க விட்டதில்ல. ஒரு ஆளுக்கு ஒரு டிக்கெட்டுதான். முறையா நடத்தறோம்."

"அந்த வாஷிங் மெஷின் உறை?"

மாமனார் டேப்லெட்டைத் துடைத்தார். "சும்மா அமுக்கிட்டு இறங்கிப் போறது மனசுக்கு ஒப்பல மாப்ள. அவனும் காசு கொடுத்துத்தானே போட்டிருக்கான். ஒண்ணாச்சும் வாங்குவோம்னு பாத்தேன். அதுதான் இருக்கறதுலயே விலை கம்மி."

"நம்மகிட்ட மெஷினே இல்லையே."

"அது அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. பேரு, விலாசம் எல்லாம் அதுவே போட்டுக்கிச்சு. அவ பேருதான். அழிக்க மனசு வரல."

அவன் போனை எடுத்து, காலையில் வந்ததை வாய்விட்டுப் படித்தான். நிதானமாக, வரி வரியாக. 'நிரந்தரமாக மூடப்படும்' என்ற இடத்தில் டிரைவர் தன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

செக்கருக்குத்தான் முதலில் புரிந்தது. எழுந்து நின்றுவிட்டார். "ஏய்யா, டிக்கெட் இல்லாதவனை முப்பது வருஷம் பிடிச்சவன் நான். என்னையே வித்தவுட்ல ஏத்திட்டியே!"

"உனக்குத் தப்புன்னு பட்டிருந்தா நீ சொல்லியிருக்கணும்ல? செக்கரே அமுக்கறாரு, அப்ப சரியாத்தான் இருக்கும்னு நான் நெனச்சேன்."

"நீ சொன்னே, நான் அமுக்கினேன்!"

"அவன் சொன்னதுக்கு நான் ரெண்டு மாசமா தைலத்தையே பாத்துக்கிட்டிருக்கேன்," என்றார் டிரைவர். "கனவுல வருதுய்யா."

யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார்கள்.

மாமனார் கட்டிலிலேயே இருந்தார். "மூடிருவாங்களா?"

"ஏழு நாள் டைம் இருக்கு. நடந்ததை உள்ளபடி எழுதணும்."

"எழுதினா?"

"தெரியல மாமா."

"அப்ப நான் பாத்த வேலையாலதான் அவ கடைக்குப் பூட்டா?"

அவன் "சாயங்காலம் வரேன். சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பினான். மத்தியானம் இரண்டு லென்ஸ் வீணாயிற்று. முதலாளி பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

ஆறு மணிக்கு இருவரும் ஹாலில் மேஜைமுன் உட்கார்ந்தார்கள். விளக்கப் படிவம் கம்ப்யூட்டரில் திறந்திருந்தது. மாமனார் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார், விசாரணைக்கு வந்தவர்போல.

"தவறான அமுக்கல்கள் எப்படி நடந்தன?" என்று அவன் படித்தான்.

"எழுதுங்க. செஞ்சவன் வயசு அறுபத்தெட்டு. ஓய்வுபெற்ற கண்டக்டர். கூட ரெண்டு பேர், அவங்க மேல தப்பில்ல, நான் சொல்லித்தான் செஞ்சாங்க. ஒவ்வொரு அமுக்கலுக்கும் ட்ரிப் ஷீட் இருக்கு."

அவன் அப்படியே எழுதினான். நோட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்துச் சேர்த்தான். இவ்வளவு ஒழுங்காகத் திருட்டுக்குக் கணக்கு வைத்த ஆளை அந்த நிறுவனம் பார்த்திருக்காது.

அடுத்த கேள்வி. 'இந்தக் கணக்கின் உரிமையாளர் நீங்கள்தானா?'

இல்லை என்பதை அமுக்கினான். உடனே கீழே இன்னொரு கட்டம் திறந்தது. 'உரிமையாளர் ஏன் விண்ணப்பிக்கவில்லை?'

கட்டத்துக்குள் சின்னக் கோடு ஒன்று அணைந்து அணைந்து எரிந்தது.

ஒன்பது மாதத்தில் எத்தனையோ தாள்களில் அந்தச் சொல் எழுதப்பட்டது. ஆஸ்பத்திரி எழுதியது. கல்லூரி எழுதியது. மிச்சத்தைத் தந்தி எழுதினாள். அவன் எழுதியதில்லை. கையெழுத்து மட்டும் போட்டான்.

கோடு எரிந்தது. அணைந்தது.

'இறந்துவிட்டார்' என்று தட்டினான்.

மாமனார் குனிந்து அந்தச் சொல்லைப் பார்த்தார். லென்ஸ் நன்றாகத்தான் வேலை செய்தது. "விட்டார்னு போட்டிருக்கீங்க," என்றார். "நீங்க ரெண்டு பேரும் காலேஜ்லேருந்தே வா, போ தான். நீங்க அவளுக்கு மரியாதை கொடுத்து நான் பாத்ததே இல்ல."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புதானா என்று நிச்சயமில்லை. அனுப்பு என்பதை அமுக்கினான். மூன்று நான்கு நாளில் முடிவு வரும் என்று திரையில் வந்தது. இன்று புதன்கிழமை.

மாமனார் மாடிக்குப் போனார். அவன் அடுப்பில் சாதம் வைத்தான். மேலே ஏதோ இரும்பு தரையில் உரசும் சத்தம். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டி இழுபடுகிற சத்தம். அடுப்பை அணைத்துவிட்டு ஏறிப்போனான்.

பெட்டி கட்டில்மேல் திறந்திருந்தது. மாமனார் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். பழைய விசில் மேலாக வைக்கப்பட்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு மாமா."

"தந்தி வந்து நிக்கறப்ப அவசரப்பட முடியாது. ஹாரன் அடிச்சே கொன்னுருவா." மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். "மக சம்பாத்தியத்துல இருக்கேன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். கடைசில பாத்தா ரெண்டு மாசமா என் விரல் சம்பாத்தியம். சிரிப்பா இல்ல?"

"இல்ல."

"போறப்பகூட என்னைப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போனா மாப்ள. தன்னைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நான் அவ கடையைப் பாத்துக்கிட்ட லட்சணம் இது. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் இங்க இருக்கறது?"

அவன் வாசற்படியிலேயே நின்றான். அந்தப் பொய் பெரியவரை இத்தனை நாள் தாங்கியது. இப்போது அதுவே அவர் கழுத்தில் கல்லாகத் தொங்கியது. சொல்லாவிட்டால் கல்லோடு போவார். சொன்னால், இங்கே இருப்பதற்கு இருந்த ஒரே காரணமும் போய்விடும். இன்று ஒருமுறை உள்ளதை உள்ளபடி எழுதியாயிற்று. அந்தப் பழக்கம் விரல்களில் இன்னும் ஆறாமல் இருந்தது.

"அவ அப்படிச் சொல்லல மாமா."

மாமனார் நிமிர்ந்தார்.

"நான் போனப்பவே உயிர் இல்ல. நீங்க கேட்டீங்க. நீங்களும் போயிட்டா இந்த வீட்டுல யார் இருப்பான்னு... நான்தான் சொன்னேன். பாத்துக்கறேன்னது நான்தான். அவ இல்ல."

கையில் இருந்த சட்டை அப்படியே நின்றது. பெட்டிக்குள் போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

"அப்ப அவ கடைசியா என்னதான் சொன்னா?"

அவன் கட்டிலின் ஓரத்தில், பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான்.

"காலைல. வேலைக்குக் கிளம்பறப்ப. என் கைல காபி. டம்ளர் சாஞ்சு சட்டைல கொட்டிருச்சு. அந்த வெளிர்நீலச் சட்டை. நான் கட்டை விரலை வெச்சு அழுத்தித் தேச்சேன். அவ கேட் வரைக்கும் போயிட்டா. பஸ்ஸுக்கு நேரமாச்சு. திரும்பிப் பாத்து, அங்கேருந்தே கத்தினா."

"என்னன்னு?"

"'தேய்க்காத. ஒத்தி எடு. சாயங்காலம் வந்து நான் பாத்துக்கறேன்.'"